முடிச்சு இருக்கிறவங்க நில்லுங்க

பேரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள்.
அவுத்துட்டாயி.
சிரித்துவிட்டுப் போகட்டும், அவளுக்குக் கோபமில்லை,
கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கையுமில்லை.
பள்ளிபாளையத்துக்குக் கீழே
சாயத்தண்ணி காவிரியில் விழுகிற இடத்தில்
ஒரு கட்டுத்தறி.
இடுப்புயர வேலங்கட்டை,
கழுத்தில் கயிறு அறுத்த தடம்.
அதுதான் அவள்.
எந்த மாடு, யார் கட்டியது, எங்கே போனது
என்று கேட்பது பாவம்.

மற்ற கோயில்களில் வேண்டிக்கொண்டு கட்டுவார்கள்,
தொட்டில், மஞ்சத்துணி, பூட்டு.
இங்கே கட்டியதைக் கொண்டுவந்து
பிரித்துவிட்டுப் போக வேண்டும்.
வேட்டி நுனியில் முடிந்த வாடகைக் காசு,
பத்து வருஷத்துக் கொடிக்கயிறு.
ஒரு பையன் ஷூ லேஸோடு வந்தான்,
பள்ளிக்கூடம் பிடிக்கவில்லையாம்.
திருநீறு கிடையாது. உண்டியல் கிடையாது.
மூன்றாம் தடவை வருகிறவரிடம் பூசாரி சொல்ல வேண்டும்:
"போதுங்க. இங்கயே கட்டிக்கிட்டுக் கெடக்காதீங்க."

பூசாரி நான்தான். அதற்கு முன்
வடிவேல் டெக்ஸில் பாவு பிணைக்கிறவள்.
பழைய இழையின் நுனி, புது இழையின் நுனி,
விரலில் சாம்பல் தொட்டு ஒரு முறுக்கு.
நாளைக்கு மூவாயிரத்து அறுநூறு.
வாங்கிய முன்பணம் நாற்பதாயிரம்,
எட்டு வருஷம் அடைத்ததில்
அறுபத்திரண்டாயிரம் ஆகியிருந்தது.
எப்படியென்று மேஸ்திரியின் சிட்டைக்குத்தான் தெரியும்.
தறியிலிருந்து தறிக்குப் போனாள் பாவாத்தாள்
என்று கூடப் பிணைத்தவர்கள் சிரித்தார்கள்.

மாசி அமாவாசை ராத்திரி, உடுக்கை நின்றதும்
அந்தச் சத்தம் எட்டிய தூரம் வரைக்கும்
முடிச்சென்று இருப்பதெல்லாம் தானாகப் பிரியும்.
கன்றுகள் சோளக்காட்டில் இறங்கும்.
தாலிகள் மடியில் விழும். எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு,
உதறிவிட்டு எழுந்து நடக்கிறவர்களும் உண்டு.
குடோன்களில் ஷட்டரை இறக்கி, சந்துகளில் கழிவுப்பஞ்சை அடைத்து
விடிய விடிய ரேடியோவை அலற விடுவார்கள்.
அப்படியும் எங்காவது ஒரு பாவு உதிரும்.

பிறகு பழைய பூசாரி கூப்பிட வேண்டும்:
"முடிச்சு இருக்கிறவங்க நில்லுங்க."
யாருடையது பிரியவில்லையோ
அவர்தான் அடுத்த ஒரு வருஷம்.
போன தடவை நான் நின்றேன்.
முந்தானை நுனியில் ஓர் ஊக்கு, இரண்டு ரூபாய்.
எதற்கு முடிந்தேன் என்றே நினைவில்லை.

இந்த மாசியில் எனக்குப் போக மனமில்லை.
யாரும் பேர் சொல்லி ஏவாத வருஷம் அது.
எண்ணெய் வைத்து எண்ணெய் வைத்து
அந்தக் கட்டை என்னுடையது என்றாகியிருந்தது.
உடுக்கை நிற்கப்போகிற நேரம்
முந்தானையில் ஒரு பாவு முடிச்சுப் போட்டேன்,
தறி எத்தனை அடித்தாலும் கழலாத முடிச்சு.
அது
ஈர வாழைநார் மாதிரி வழுக்கிக்கொண்டு பிரிந்தது.

கூப்பிட்டேன். குரல் சரியாக வரவில்லை.
வெகுநேரம் யாரும் நிற்கவில்லை.
அப்புறம், கடைசியில், வேம்படி இருட்டில்
குழந்தைவேலு மேஸ்திரி.
வசூலுக்கு வந்தவர்.
அரைஞாண் கழன்று, வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி,
சட்டைப் பொத்தானெல்லாம் நூல்விட்டு உதிர்ந்து,
அக்குளில் சிட்டை,
சிட்டையைச் சுற்றிய சணல் மட்டும் அப்படியே.
இழுக்கிறார். பல்லால் கடிக்கிறார்.
"பேனாக்கத்தி இருக்குதுங்களா?"
அறுக்கக் கூடாதுங்க என்றேன்.

நூற்றுப் பதினேழு குடும்பத்தின் கணக்கு அதற்குள்.
தள்ளுபடி ஒன்றும் ஆகவில்லை.
பிரிக்க வரவில்லை, அவ்வளவுதான்.
யாரோ ஒருத்தி சிரித்தாள், அடக்கிப் பார்த்து, முடியாமல்.
அவர் அழுதார்.
எண்ணெய்க் கிண்ணத்தை அவர் கையில் வைத்தேன்.
நல்லெண்ணெய்தான், விளக்கெண்ணெய் ஆகாது,
வெள்ளிக்கிழமை எறும்பு ஏறும், பார்த்துக்கங்க என்றேன்.

பாலத்தை நடந்தே கடந்து
ஈரோட்டில் முதல் பஸ்.
எங்கே என்றார் கண்டக்டர்.
தாராபுரம் என்றது வாய். அங்கே எனக்கு யாருமில்லை.
அறச்சலூர் தாண்டித்தான் கவனித்தேன்,
விரல்கள் பாட்டுக்கு டிக்கெட்டை
முந்தானையில் வைத்து முடிந்திருந்தன.
பிரிக்கவில்லை.
ஜன்னல் திறந்திருக்கிறது, பறந்துவிடும்.